பொதுக் கோப்பில் கை வைத்தது யார்?

அந்த மாடி அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பொதுக்கோப்பு'. பன்னிரண்டு கடைகளின் வலைத்தளங்களுக்கும் எழுத்து எவ்வளவு பெரிசு, பொத்தான் என்ன நிறம் என்று சொல்லும் ஸ்டைல் கோப்பு ஒன்று பொதுவாக உண்டு. அது அவள் பெறாமல் பெற்ற பிள்ளை. அதுபோக ஒவ்வொரு கடைக்கும் சொந்தமாக ஒரு குட்டிக் கோப்பு. வீட்டுக்கென்று ஒரு சட்டம், அவரவர் அறைக்குள் அவரவர் இஷ்டம். விஷயம் அவ்வளவுதான், ஆனால் அவள் சொன்னால் வேதவாக்கு மாதிரி இருக்கும்.

"பொதுவுல கை வைக்காதே!" என்று ஏழு வருஷமாக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன், அலுவலகத்தை நடத்தும் அண்ணனின் மச்சினன். அலுவலகத்தில் அவன் பெயர் புயல். ரொட்டிக் கடைக்கு மட்டும் பெரிதாக்க வேண்டிய தலைப்பைப் பொதுவில் பெரிதாக்கி, பல் டாக்டரின் பெயரைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்ட பிரகஸ்பதி.

திங்கட்கிழமை காலை பொம்மைக் கடைக்காரர் துள்ளிக் குதிக்கும் மஞ்சள் பொத்தான் கேட்டார். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், ஒரு கையில் டீ, மறு கையால் நாலு வரி தட்டினாள். அரை மணி நேரத்தில் அண்ணன் அலறினார். சவப்பெட்டி செய்பவரின் தளத்தில் போன் நம்பர் பொத்தான் மஞ்சளாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

"புயலு! மறுபடியும் பொதுவுல கை வச்சியா?"

"மாமா, நான் இன்னும் கம்ப்யூட்டரையே போடல!"

யார் நம்புவார்கள்? அவள் தன் திரையைப் பார்த்தாள். நாலு வரியும் பொதுக் கோப்பில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் பழி புயலோடு போகும். ஒத்துக்கொண்டால் ஏழு வருஷ மானம் கப்பலேறும். நல்ல மனுஷிதான், ஆனாலும் முழுசாக ஒரு நிமிஷம் யோசித்தாள். அதை மறைப்பானேன்?

"அண்ணா, அவன் இல்ல. நான்தான்."

புயல் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அவள் அந்த வரிகளைப் பொம்மைக் கடையின் கோப்புக்கு மாற்றிவிட்டு, சவப்பெட்டிக்காரருக்குத் தானே போன் போட்டாள்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. தப்பு என்னோடது. பழையபடி மாத்திட்டேன்."

"துள்ளுறத எடுத்தது சரிம்மா. மஞ்சளை எதுக்கு எடுத்தீங்க? இன்னிக்குத்தான் ரெண்டு பேரு நம்பரைத் தேடாம கூப்பிட்டாங்க. உங்க சாம்பல் கலரு அழகுதான். அழுத கண்ணுக்குத் தெரியலையே."

சுருக்கென்றது. அந்த வெளிர் சாம்பலை ஒரு வாரம் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தவள் அவளேதான். பல் டாக்டரைத் தேடிப் பல் வலியோடு வந்தவனும் அந்தச் சாம்பலுக்குள்தானே நம்பரைத் துழாவியிருப்பான்! பெட்டிக்காரரின் கோப்பில் துள்ளாத மஞ்சளைப் போட்டாள். பொதுக் கோப்பில் சாம்பலை அழித்துக் கறுப்பு என்று எழுதினாள். ஏழு வருஷத்தில் எத்தனை பேர் தேடிக் களைத்து விட்டுவிட்டுப் போனார்களோ என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.