அட்டை நின்றால் வருகிறேன் என்றான்

சரக்குக்கு அடியில் கிடப்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை. துறைமுகத்திலும் கிடங்கிலும் பெட்டிகளைத் தாங்கிக்கொண்டிருக்கும் குட்டையான மரக்கட்டில், அவ்வளவுதான். ஃபோர்க்லிஃப்ட்டின் இரண்டு இரும்பு நாக்குகளும் நுழைய அடியில் இடம் விட்டிருக்கும். பேலட் என்பார்கள். அதை அட்டையில் செய்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. பிரித்தால் தாள்போலக் கிடக்க வேண்டும், மடித்தால் ஒரு டன்னைத் தாங்க வேண்டும். ஆணி கூடாது, பசை கூடாது. வேலை முடிந்ததும் தட்டையாக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம்.

எங்கள் என்று எழுதிவிட்டேன். அவனும் நானும்.

கிண்டியில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். சண்டை போட்டுத்தான் பழக்கம், அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் நீ, வா, போதான். ஆறு வருடங்களுக்கு முன் துபாயில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராகப் போனான். வருடத்துக்கு முப்பது நாள் வருவான். முதல் பத்து நாள் விருந்தாளி, கடைசிப் பத்து நாள் பயணி. நடுவில் இருக்கும் கொஞ்ச நாளில் எனக்கு அவன் செருப்பு எங்கே கிடக்கும் என்று பழகுவதற்குள் பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிடுவான்.

போன விடுமுறையில், அபிராமபுரத்து வீட்டில், சாப்பாட்டு மேசையில் இனிப்பு வந்த டப்பாவைக் கத்தரித்து உள்ளங்கை அளவில் ஒரு பேலட் செய்தான். ஒன்பது குட்டிக் கால்கள். மேலே உப்பு ஜாடியை வைத்தோம், நின்றது. ஊறுகாய் ஜாடியை வைத்தோம், அதுவும் நின்றது.

"பெருசா பண்ணு. அது நின்னுச்சுன்னா நான் வந்துடறேன். ரெண்டு பேரும் சேர்ந்து இதையே பண்ணலாம்."

"இப்படித்தான் போன வருஷமும் ஏதோ சொன்ன."

"போன வருஷம் உப்பு ஜாடி நிக்கலையே."

அவன் போன பிறகு அந்தப் பேச்சை எத்தனை முறை மடித்து மடித்துப் பார்த்திருப்பேன். அவனுக்கு வருவதில் ஆசையா, வருகிறேன் என்று சொல்வதில் ஆசையா? ஆறு வருடங்களில் எனக்கு இது பிடிபடவில்லை. போனில் குரல் தெளிவாக வரும். ஆசை மட்டும் சரியாகக் கேட்காது.

சைதாப்பேட்டையில், ஆற்றை ஒட்டிய சந்தில், ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தேன். என்னோடு வேலைக்கு ஒருத்தி வந்தாள். என் வயதுதான். அட்டைப்பெட்டி வெட்டுவதில் இருபது வருடக் கை. அவள் வீடு முன்பு அங்கேயே ஆற்றங்கரையில் இருந்தது. இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் முதல் வேலையாகப் பாலத்துப் பக்கம் போய்ப் பழைய இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கட்டரைக் கையில் எடுப்பாள். நான் ஏன் என்று கேட்டதில்லை. எனக்கும் காலையில் போனை எடுத்து, அங்கே மணி என்ன என்று பார்க்கிற வழக்கம் இருந்தது.

அட்டையின் வயிற்றில் ஒரு நெளிந்த காகிதம் ஓடும். அந்த நெளி நிமிர்ந்து நிற்கும்படி காலை வெட்ட வேண்டும். படுத்தமாதிரி வெட்டினால் பாரம் ஏறியதும் நசுங்கும். இது எனக்குப் படிப்பில் தெரியும், அவளுக்கு விரலில் தெரியும். என் முதல் மாதிரி ஓர் ஓரமாகச் சாய்ந்தபோது நான் நெடுநேரம் அதன் முன்னால் குந்தியிருந்தேன்.

"இன்னாக்கா, அதுங்கிட்ட பேசிக்கினு கீறியா?"

"ஏன் சாயுதுன்னு பாக்கறேன்."

"பாத்துக்கினே இருந்தா நிமிந்துக்குமா? ரெண்டு காலு படுத்த நெளி. நீ வெட்னது. நான் சொன்னா நீ கோச்சுக்குவியோன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

பக்கத்தில் தண்ணீர் கேன் கடை. ஒரு கேன் இருபது லிட்டர், ஐம்பது கேன் ஏற்றினால் ஒரு டன். அந்தக் கடைக்காரர்தான் எங்கள் எடைக்கல். ஒவ்வொரு மாதிரிக்கும் ஐம்பது கேனைக் கடன் வாங்கி அடுக்குவோம், ராத்திரி முழுக்க விட்டுவைப்போம், காலையில் திருப்பித் தருவோம்.

"மேடம், ஊரே கேனை எடுத்துக்கினு போய்த் தண்ணி குடிக்குது. நீங்க மட்டும் தூங்க வெச்சு அனுப்பறீங்க" என்பார் அவர்.

ஐந்தாவது மாதிரி நின்றது. மூன்று நாள் வைத்தோம், ஒரு கால்கூட இளைக்கவில்லை. நந்தனத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் ஊறுகாய் ஏற்றுமதிக்காரர் சோதனைக்கு ஆறு பேலட் கேட்டார். அவர் சரக்கு போய் இறங்குவது துபாயில், அவன் வேலை பார்க்கும் அதே கிடங்கில். அவன்தான் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தான். என் கை பட்டது அவன் கையில் போய் இறங்கும். ஆறு வருடத்தில் நான் அனுப்பியவை வேட்டி, பருப்புப் பொடி, மாத்திரை. இப்போது அவன் திரும்பி வருவதற்கான பாதையையே அட்டையில் வெட்டி அனுப்பப்போகிறேன் என்று தோன்றியது. பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

மடிக்கத் தெரியாதவர்களும் மடிக்க வேண்டும் அல்லவா. லோடு ஏற்றுபவர்கள் படிப்பதற்காக ஒவ்வோர் அட்டையின்மேலும் கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் 'மடி' என்று எழுதி, மடிக்கும் பக்கத்துக்கு அம்புக்குறி போட்டேன். ஆற்றங்கரைக் கொட்டகையில் ஈரம் அதிகம், அட்டை காற்றிலிருக்கும் தண்ணீரைக்கூடக் குடித்துவிடும். அதனால் ஆறு செட்டையும் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில் வெயிலில் பரப்பினேன். மறுநாள் மாலை லாரி வரும். காகிதங்களில் கையெழுத்துப் போட நந்தனம் போனேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் மழை. சட்டென்று பிடித்துக்கொண்ட ஆவணி மழை. நான் பதறவில்லை, அதுதான் இப்போதும் ஆறவில்லை. கீழ்வீட்டு மாமி என் துணிகளைத் தன் துணியோடு சேர்த்து எடுத்து வைக்காத மழையே கிடையாது. அந்த நம்பிக்கையில் டீயை ஆற்றிக் குடித்தேன்.

திரும்பி வந்தபோது மாமி மாடிப்படியில் நின்றிருந்தார்.

"உங்க துணியெல்லாம் எடுத்து மடிச்சு வெச்சுட்டேன். அட்டையை மட்டும் தொடலை."

"ஏன் மாமி?"

"மடின்னு எழுதி வெச்சிருந்தேளே. நானோ பேங்க், மார்க்கெட்னு அலைஞ்சுட்டு அப்பத்தான் வந்தேன், விழுப்பு. உங்காத்துல ஏதோ விசேஷம், அதுக்குன்னு வாங்கி வெச்சிருக்கேளாக்கும்னு நெனச்சுண்டேன். அம்புக்குறி வேற போட்டிருந்தேள், கிட்ட வராதேங்கற மாதிரி."

அவர் வீட்டில் மடி என்றால் குளித்துச் சுத்தமாக இருப்பது, மற்றவர் கை படக்கூடாதது; வெளியே அலைந்துவிட்டுக் குளிக்காமல் இருப்பது விழுப்பு. துணியை மடித்து வைத்தேன் என்று சொன்ன அதே வாய்க்கு அந்த இரண்டு எழுத்தைக் கண்ணால் பார்த்ததும் வேறு அர்த்தம் வந்துவிட்டது. மயிலாப்பூரைச் சுற்றி இருபது வருடமாக இருக்கிறேன், எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் மாமி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அசடு, அசடு" என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, மாடிக்குப் போகும்வரை. மாடியில் ஆறு செட்டும் ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தூக்கினால் ஈரத் தோசைபோலத் தொங்கின.

புதிதாக அட்டை வரப் பத்து நாள் ஆகும், கப்பல் காத்திருக்காது. ஏற்றுமதிக்காரரைக் கெஞ்சியதில் நான்கு வந்தாலும் போதும், மிச்சத்துக்கு மரம் வைத்துக்கொள்கிறேன் என்றார். மறுநாள் விடிந்ததிலிருந்து கொட்டகையில் இருந்த மிச்சத்தையெல்லாம் இருவரும் வெட்டினோம். இந்த முறை 'மடக்கவும்' என்று எழுதினேன். நான்கு பேலட்டுக்கு முப்பத்தாறு கால் வேண்டும். முப்பத்தைந்துதான் தேறியது.

நனைந்த குவியலின் அடியில் கிடந்த ஒரு கால் அவ்வளவாக ஊறியிருக்கவில்லை. அதை ஃபேனுக்கு அடியில் வைத்தேன். பிறகு இஸ்திரிப் பெட்டியை வைத்து மெல்ல மெல்லத் தேய்த்தேன். விறைப்பாகிவிட்டது. தட்டினால் மற்றவற்றைப் போலவே ஒலித்தது.

"வேணாங்கா" என்றாள் அவள்.

"நல்லாத்தான் இருக்கு, பாரு."

"தண்ணி அடிச்ச அட்டைக்கா இது. காலைல பாத்தா தெளிஞ்ச மாதிரிதான் இருக்கும். பாரம் ஏறட்டும், தள்ளாடும். என் வூட்டுக்காரன இருவது வருசமா பாத்துக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

"மூணு பேலட்தான்னு சொன்னா அவர் வேணாம்னுடுவார்."

அவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த கட்டரை மூடி வைத்தாள்.

"அவருக்காவ சொல்றியா, உன் வூட்டுக்காரருக்காவ சொல்றியா?"

அந்தக் காலை எடுத்து நாலாவது பேலட்டின் ஓர் ஓரத்தில் செருகினேன். ஐம்பது கேன் ஏற்றிச் சோதிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. ஒரு மணி நேரமாவது இருந்தது.

மூன்று வாரம். வீட்டில் நடக்கும்போது என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. அலமாரியில் அவன் பக்கத்துத் தட்டைக் காலி செய்து துடைத்தேன். அதில் நானே என் சேலைகளை அடுக்கியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடையாற்றுப் பாலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் கடல் இருக்கும் திசையைப் பார்ப்பேன். கப்பல் அந்தப் பக்கமே போகவில்லை, வேறு துறைமுகம். இருந்தாலும் பார்ப்பேன். கடல் எல்லாம் ஒன்றுதானே.

ஒரு மத்தியானம் வீடியோ அழைப்பு வந்தது. கிடங்கின் உள்ளே நின்றிருந்தான்.

"நின்னுச்சு" என்றான். ஹலோகூடச் சொல்லவில்லை.

போனைத் திருப்பிக் காட்டினான். என் பேலட்டுகள். மேலே ஆளுயரத்துக்கு ஊறுகாய்ப் பெட்டிகள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றின் கால்களையும் குனிந்து காட்டினான், நிமிர்ந்து நின்றன.

"நாலாவது?"

"அந்தப் பக்கம் இருக்கு" என்று போனைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டான். "ஆளுங்க வேலை பாத்துட்டிருக்காங்க, அப்புறம் காட்டறேன். கேளு, மேனேஜர்கிட்ட பேசிட்டேன். ஒரு மாசம் நோட்டீஸ். லெட்டர் அடிச்சு வெச்சுட்டேன்."

"பின்னாடி தரை ஏன் ஈரமா இருக்கு?"

"கழுவினோம்."

"மத்தியானத்துலயா?"

"மத்தியானம் கழுவக்கூடாதுன்னு சட்டமா?"

அவனுக்குப் பொய் சொல்ல வராது. காது மடல் சிவந்துவிடும், போனில்கூடத் தெரியும். நான் 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் மறைக்கிறான், நானும் மறைத்திருக்கிறேன், இரண்டும் சேர்ந்து அவனை விமானத்தில் ஏற்றிவிடும். அந்தச் சொல் நாக்கில் இருந்தது. பிறகு அந்தப் பெட்டிகளை ஒட்டி நடந்துபோகும் யாரோ ஒருவரின் பாதம் என் கண்ணில் பட்டது. பின்னணியில், ஒரு நொடி. யாரென்றே தெரியாத ஒரு ஜோடி பாதம். பெட்டிகள் சரிந்தால் அவற்றின்மேல்தான் சரியும்.

"நாலாவதுல ஓரத்துக் கால் உக்காந்துடுச்சு. அதானே?"

அவன் காது மடலைத் தடவிக்கொண்டான்.

"அது மழையில நனைஞ்சது. இஸ்திரி போட்டு அனுப்பினேன்."

"என்னது?"

"இஸ்திரி. காட்டன்ல வெச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தான், பிறகு மூக்கை உறிஞ்சினான். போனைத் திருப்பினான். சரிந்த பெட்டிகள், நசுங்கிய ஒரு மூலை, ஓரத்தில் கூட்டித் தள்ளிய கண்ணாடி, துடைத்தும் போகாத எண்ணெய்.

"யாரும் பாக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கையாலயே அள்ளிப் போட்டேன்டி" என்றான். "ஆவக்காய். விரலெல்லாம் எரியுது."

ஆறு வருடமாக எனக்குக் கேட்காத ஒன்று அப்போது கேட்டது. ஓர் ஓரமும் மழுங்காமல், பக்கத்து மேசையிலிருந்து வருவதுபோல. அவனுக்கும் வர ஆசைதான்.

"அந்த லெட்டர்?" என்றேன்.

"இருக்கட்டும். தேதி மட்டும் போடலை."

இதை எழுதும் இன்றும் அவன் அங்கேதான் இருக்கிறான். ஏற்றுமதிக்காரர் வரும் மாதம் பத்து பேலட் கேட்டிருக்கிறார், மெழுகு பூசிய அட்டையில். ஆனால் அன்றைக்கு அந்த யோசனையெல்லாம் எங்களுக்கு இல்லை.

"டேப் இருக்கா? எவ்வளவு இறங்கியிருக்குன்னு அளந்து சொல்லு."

போனை ஒரு பெட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு, ஈரத் தரையில் முட்டி போட்டான். மேலிருந்து பார்க்கும்போது உச்சந்தலையில் முடி மெலிந்திருப்பது தெரிந்தது. போன விடுமுறையில் நான் அதைக் கவனிக்கவில்லை.

"வெளிப்பக்கம் நாப்பத்திரண்டு மில்லிமீட்டர். உள்பக்கம் பதினெட்டு. பக்கத்துக் கால் ஆடலை. அப்படியே இருக்கு."

எழுதிக்கொண்டேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லட்டா?"

"சொல்லு" என்றேன். எழுதுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.