இந்தத் தடவை படல

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம் ஊரில் உள்ளவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் படியேறியவர். மோட்டார் அறை மொட்டைமாடியில் இருக்கும், அதுவரை லிஃப்ட் போகாது, அதுதான் என் தலையெழுத்து என்று சிரிப்பார். அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அந்த வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் உட்கார்ந்தால் நினைவு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்கே போகிறது.

ஞாயிறு காலைகளில் அவர் துப்பாக்கி விளையாட்டுக்குப் போவார். ஏர்சாஃப்ட் என்பார்கள். மூடிக் கிடந்த ஒரு சோப்புத் தொழிற்சாலையை ஒருவர் வாடகைக்கு எடுத்து, பழைய டிரம்களையும் மரப்பெட்டிகளையும் அங்கங்கே நிறுத்தி மைதானமாக்கியிருந்தார். இரண்டு அணிகள். ஆளுக்கொரு பொம்மைத் துப்பாக்கி, கண்ணுக்குக் கெட்டியான கண்ணாடி. துப்பாக்கியிலிருந்து வருவது பட்டாணியைவிடச் சிறிய வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டு. அது உடம்பில் பட்டால் ஆட்டமிழந்தாயிற்று. ஆனால் குண்டில் சாயம் கிடையாது, துணியில் தடம் இருக்காது. பட்டதா இல்லையா என்பது பட்டவருக்கு மட்டுமே தெரியும். அவரேதான் கையைத் தூக்கி "பட்டுச்சு" என்று கத்திவிட்டு, சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். வேறு யாரும், நடுவர்கூட, அவருக்காகச் சொல்லக் கூடாது. அந்த மைதானத்தின் சட்டமே அவ்வளவுதான்.

அண்ணனுக்கு விளையாட்டைவிட அந்தச் சட்டம்தான் பிடித்திருந்தது. சுவரிலிருந்து காரை உதிர்ந்து தோளில் விழுந்தாலும் கையைத் தூக்கிவிடுவார்.

"அண்ணே, அது காரைண்ணே! நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமா?"

"பட்ட மாதிரி இருந்துச்சுடா. சந்தேகம்னா வெளிய போயிடணும்."

இப்படி ஒரு ஆளை அணியில் வைத்துக்கொண்டு யார் ஜெயிப்பது? முழங்கால் தேய்ந்துபோனது என்று அவரே ஒதுங்கியபோது அவருடைய அணிக்காரர்கள் வருத்தப்பட்ட மாதிரி நடித்தார்கள். மைதானத்துக்காரர் அவர் கழுத்தில் ஒரு விசிலை மாட்டி நடுவராக்கினார்.

நடுவரான பிறகுதான் அவருக்குச் சாகாவரத்தின் முழு அருமையும் தெரிந்தது. சாகாவரம் என்பது அங்கே எல்லோரும் வைத்த பெயர். ஆள் ஜன்னல் கண்ணாடி வெட்டி விற்கிற கடைக்காரர், நாற்பது வயது, நல்ல உயரம், சுடுவதற்கு வசதியான உடம்பு. எத்தனை குண்டு பட்டாலும் கை மட்டும் மேலே போகாது. கேட்டால் பதில் தயாராக இருக்கும். செடி ஆடியது, துப்பாக்கியில் பட்டது, பக்கத்துப் பெட்டியில் பட்டது. அதே மனிதர் எதிரணியைப் பார்த்து, "பட்டா போகணும், மானம் ரோஷம் இருக்கணும்" என்று கத்துவார். ஆட்டம் முடிந்து விசில் அடித்த பிறகும் இரண்டு குண்டு சுட்டுவிட்டு, கேட்கவில்லை என்பார்.

"எமன் இவர் வீட்டு அட்ரஸைத் தொலைச்சுட்டான் சார்" என்பார்கள் பையன்கள். ஆனால் அவர் ஒருவர் வந்தால் கூடவே பதினைந்து பேர் வருவார்கள். அதனால் மைதானத்துக்காரர் எதையும் கண்டுகொள்ள மாட்டார். அண்ணனால் ஒன்றும் செய்ய முடியாது. பார்த்துக்கொண்டு நிற்கலாம், தனியே கூப்பிட்டு, "நீங்களே சொல்லுங்க, படலையா?" என்று கேட்கலாம். சாகாவரம் நெஞ்சில் கை வைத்து, "உங்ககிட்ட பொய் சொல்வேனா சார்?" என்பார்.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அண்ணன் இதையெல்லாம் அண்ணியிடம் கொட்டுவார்.

"வாரத்துல ஒரு நாள் வீட்டுல உட்கார்ந்து சாப்பிடுறீங்க" என்பார் அண்ணி. "அன்னிக்கும் ஊரான் பொய்யக் கொண்டுவந்து சோத்துல பிசையணுமா?"

நடுவரான நான்காவது வருஷம்தான் அண்ணன் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து இடது கால் வெறுங்காலாகவே நடந்து வந்திருக்கிறார், தெரியவில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எதிர்வீட்டுக்காரர் கேட்டபோது, மற்றொன்றை லிஃப்டில் அனுப்பியிருக்கிறேன், பின்னால் வரும் என்று அண்ணனே சொன்னார். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது எனக்கு வாய் கசக்கிறது.

வருஷக் கடைசியில் எட்டு அணிகள் மோதும் போட்டி. இறுதி ஆட்டத்தைப் பார்க்க நானும் போயிருந்தேன். சாகாவரத்தின் அணியில் அவர் ஒருவர்தான் மிச்சம். எதிரணியில் இரண்டு பேர். பாதிச் செங்கல் சுவர் ஒன்றின் ஓரத்தில் அவர் ஒட்டி நின்றார். அவருக்கு இரண்டடி பின்னால், சற்றுப் பக்கவாட்டில் அண்ணன். முழங்காலுக்குப் பட்டை கட்டியிருந்ததால் அரைக்கால் சட்டை போட்டிருந்தார். எதிரணிக்காரன் ஒருவன் அவர்கள் முதுகுப் பக்கமாகச் சுற்றி வந்து ஒரு டிரம்முக்குப் பின்னாலிருந்து சுட்டான். 'டப்' என்று சதையில் விழுகிற சத்தம். எனக்கே கேட்டது.

சாகாவரம் அசையவில்லை.

அண்ணன் விசிலை ஊதினார். நடுவராக இருந்த நான்கு வருஷத்தில் ஒரு முறையும் செய்யாததைச் செய்தார்.

"பட்டுச்சு. வெளிய போங்க."

"சார், எனக்குப் படல."

"நான் கேட்டேன். போங்க."

"ஐயோ சார், சத்தியமா சொல்றேன், இந்தத் தடவை படல!"

மைதானமே வெடித்துச் சிரித்தது. "அப்ப போன தடவை?" என்றான் ஒருவன். "அதுக்கு முந்தின தடவை?" என்றான் இன்னொருவன். சிவப்புத் துணியை யாரோ அவர் தலையில் போட்டார்கள். அவர் அண்ணனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார். பையன்கள் அண்ணனைத் தோளில் தூக்காத குறை. திரும்பும் வழியெல்லாம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினார். இடது காலின் ஷூவைக் கவிழ்த்தபோது அதிலிருந்து ஒரு வெள்ளைக் குண்டு தரையில் விழுந்து, இரண்டு முறை துள்ளி, சுவரோரம் போய் நின்றது.

"ஏங்க, இது என்ன?" என்றார் அண்ணி. அவர் பார்த்தது குண்டை அல்ல. கெண்டைக்காலின் பின்பக்கம் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவந்த வட்டம், நடுவில் தோல் கன்றிப்போயிருந்தது. வெறுந்தோலில் பக்கத்திலிருந்து பட்டால் அப்படித்தான் இருக்கும். பட்டவன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

அண்ணன் குனிந்து அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு நகத்தால். பிறகு பையிலிருந்த பேனா முனையால்.

"வலிக்கலையா?"

"வலிக்கல."

அண்ணி பயந்தது காலை நினைத்து. அண்ணன் பயந்தது வேறொன்றை நினைத்து. என்னை நிமிர்ந்து பார்த்தார். "டேய், அது எனக்குடா பட்டிருக்கு" என்றார். "அந்த ஆள் நிஜத்தைச் சொல்லியிருக்கான்."

அந்த வாரம் முழுக்க அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் என்பதே அண்ணனுடைய பதில்.

ஞாயிறு காலை அண்ணன் சொன்னதைக் கேட்டு மைதானத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், பதக்கம் கொடுத்தாச்சு, போட்டோ போட்டாச்சு. அந்த மனுஷன் வாழ்க்கையில ஒழுங்கா வெளிய போனது அந்த ஒரு தடவைதான். இதைப் போய் ஏன் கிளறுறீங்க?"

அண்ணன் கிளறினார். ஆட்டம் தொடங்கும் முன் விசிலை ஊதி எல்லோரையும் கூட்டி நிறுத்தினார். கையைத் தூக்கினார். "பட்டுச்சு" என்றார். "போன வாரம். எனக்கு. அவருக்கு இல்ல."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும், "நடுவரையே சுட்டிருக்கான்டா!" என்று கைதட்டினார்கள். அவர்களுக்கு அது நல்ல தமாஷாக இருந்தது. சாகாவரம் அங்கே இல்லை, அவருடைய பதினைந்து பேரும் வரவில்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு மைதானத்துக்காரர் தயங்கித் தயங்கி விசிலைத் திருப்பிக் கேட்டார். அண்ணன் அதைத் தண்ணீர்க் குழாயில் கழுவி, சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார். சாகாவரம் ஒரு பெரிய கண்ணாடியை மேசைமேல் கிடத்தி, அளவுகோலை வைத்துக் கீறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. அண்ணன் ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் சொன்னார், கால்சட்டையைத் தூக்கி அந்த வட்டத்தையும் காட்டினார்.

"விடுங்க சார்" என்றார் சாகாவரம். "நான் எத்தனை தடவை ஏமாத்தியிருக்கேன். அதுல ஒண்ணு கழிஞ்சுதுன்னு வெச்சுக்கறேன்."

"அப்படிக் கழியாதுங்க."

கீறின கோட்டில் அவர் லேசாகத் தட்டினார். கண்ணாடி சுத்தமாக இரண்டானது. "என் வீட்டம்மா அன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்க வந்திருந்தா" என்றார். "அத்தனை பேர் சிரிச்சாங்களா, அவளும் சிரிச்சுட்டா. அதுதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல."

"நான் வந்து அவங்ககிட்ட சொல்றேன்."

"வேணாம் சார். நீங்க வந்து சொன்னா, நான்தான் கூட்டிட்டு வந்து சொல்ல வெச்சேன்னு சொல்லுவா. நான் சொன்னாலும் நம்ப மாட்டா. விடுங்க." வெட்டின துண்டை ஓரமாக வைத்துவிட்டு, "கால்ல பட்டது ஏன் சார் உங்களுக்குத் தெரியல?" என்று கேட்டார்.

"அதான் எனக்கும் தெரியல."

அவர் டீ வரவழைத்தார். மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தோம். திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: "மன்னிச்சுட்டேன்னு சொல்லியிருந்தா தேவலை. அந்த ஆள் என் மேல கோபமே படலையேடா."

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. முதுகுத் தண்டில் ஏதோ வளர்ந்திருந்தது. இடது காலில் தொடங்கி அது உணர்ச்சியை மெல்ல ஒவ்வொரு இடமாக அணைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அறுவை செய்யலாமா என்பது, உணர்ச்சி எதுவரை மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார் டாக்டர். அண்ணனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு குண்டூசியைக் கையில் எடுத்தார்.

"குத்தும்போது தெரிஞ்சா சொல்லுங்க."

பாதத்தில் குத்தினார். அண்ணன் பேசவில்லை. கணுக்காலில் குத்தினார். பேசவில்லை. முழங்காலில் குத்தியபோது "படுது" என்றார். தொடையிலும் "படுது" என்றார். டாக்டர் முகம் தெளிந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டில் நின்ற அவருடைய கை அண்ணனின் வலது தோள்மேல் இருந்தது. முழங்காலிலிருந்து ஊசி இறங்கும்போதெல்லாம் ஒரு விரல் மெதுவாக அழுந்தியது.

டாக்டர் மறுபடி கீழே வந்து கணுக்காலில் குத்தினார். விரல் அழுந்தியது. அண்ணன் கண்ணைத் திறக்காமலேயே பேசினார்.

"டாக்டர், இவ தோள்ல தட்டுறா. தோள்ல பட்டதைத்தான் படுதுன்னு நான் சொல்லிட்டிருந்தேன். இப்பதான் புரியுது. குறிச்சதுல அந்த ரெண்டையும் அடிச்சுடுங்க."

அண்ணி கையை எடுத்துக்கொண்டார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"எனக்காக யாரும் சொல்லக் கூடாதும்மா" என்றார் அண்ணன், மிகவும் மெதுவாக. டாக்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பாதம், கணுக்கால், முழங்கால், தொடை. நான்கு இடத்துக்கு எதிரேயும் 'இல்லை' என்று எழுதினார்.

அறுவை செய்யவில்லை. செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை யாரும் எங்களுக்கு உறுதியாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தார். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். கீழ்த்தளத்து வீடு என்பதால் லிஃப்ட் இல்லை, அது பழுதானால் எழுந்து போக வேண்டிய கவலையும் இல்லை என்றார். அவரே தன் உடம்பைத் தொட்டுப் பார்த்து, "இன்னிக்கு இடுப்பு" என்று நேரம் சொல்வது போலச் சொல்வார். சாகாவரம் இரண்டு முறை வந்தார், வந்தவர் ஜன்னலில் விரிசல் விட்டிருந்த கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணி தினமும் மத்தியானம் அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்துவிடுவார். அதில் பலன் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரிகிறதா என்று அண்ணி ஒரு நாளும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி மாதத்தில் ஒரு நாள். அண்ணி அப்படித்தான் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். அண்ணன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். திடீரென்று வலது கையைக் கொஞ்சம் தூக்கினார். அதற்குமேல் அது எழாது.

"பட்டுச்சு" என்றார்.

அண்ணியின் கை நின்றுவிட்டது. "நிஜமாவா?" என்றார். "எங்க? இங்கயா?"

அண்ணன் கையைக் கீழே வைத்தார்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்வது? மரத்துப்போவது நெஞ்சுவரை ஏறியாயிற்று என்று முந்தின நாள்தான் அவரே சொல்லியிருந்தார். ஆனால் பட்டதா இல்லையா என்பதை வேறு யாரும் சொல்லக் கூடாது. அண்ணி மறுபடி குனிந்து, அந்த இடத்திலேயே, முன்னைவிட மெதுவாகப் பிடித்துவிடத் தொடங்கினார்.