இரண்டாவது பாட்டில்

சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுக்கும் சதை எவ்வளவு இருக்கும் என்று யாராவது கேட்டால், பாதி சேமியா இழை அளவு என்று சொல்வேன். அதை எடுக்க ஒரு ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் மடித்த துணியைச் செருகி, மூச்சை அடக்கச் சொல்லி, முதுகு வழியாகக் குத்த வேண்டும். அப்படிக் குத்தி எடுத்ததை எங்கள் ஆஸ்பத்திரி பாழாக்கியது. பாழாக்கியதைக்கூடப் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன். பழியைத் தூக்கி அந்தப் பெண்ணின் அம்மா தலையில் போட்டார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். லேப் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. ஒரு மைக்ராஸ்கோப், ரத்தத்தைச் சுழற்றும் ஒரு மெஷின், ஒரு பழைய ஃபிரிட்ஜ். அந்த ஃபிரிட்ஜில் ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் முதலாளி டாக்டரின் மோர்ச் செம்பு இருக்கும். அதை எடுக்கச் சொல்லி நான் மூன்று முறை சண்டை போட்டேன். மூன்று முறையும் செம்புதான் ஜெயித்தது.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து ஒரு சிறுநீரக டாக்டர் காரில் வருவார். அவரிடம்தான் அந்தப் பெண் வந்தாள். புதூர்ப் பக்கத்துக் கிராமம். பத்தொன்பது வயது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், காலையில் எழுந்தால் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கிப்போய் வேலையை விட்டு நின்றுவிட்டாள். சிறுநீரை நான்தான் பரிசோதித்தேன். சூடாக்கியதும் புரதம் தயிராட்டம் திரண்டது. அப்பா வெளியூர் மில்லில் வேலை. அம்மா ஆடு மேய்ப்பவர். மாமன் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம் வைக்கலாம் என்று இருந்தார்களாம்.

டாக்டர் அந்த அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னார். "ரெண்டு வியாதியில ஒண்ணா இருக்கணும். ஒண்ணுக்குக் கடுமையான மருந்து குடுக்கணும். அது பின்னால பிள்ளை உண்டாகிறதைக் கெடுத்தாலும் கெடுக்கும். இன்னொண்ணுக்கு அந்த மருந்தே வேண்டாம். சதையை எடுத்துப் பார்த்தாத்தான் எதுன்னு தெரியும்."

"அப்பொ பாத்துச் சொல்லுங்க சார். தெரியாம குடுத்துராதிய" என்றார் அம்மா. அவ்வளவுதான் அவர் கேட்டது.

சதையை இரண்டு பாட்டிலில் போட வேண்டும். முதல் பாட்டிலில் ஃபார்மலின். அது சதையைக் கெடாமல் இறுக்கி வைக்கும். அதைச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். இரண்டாவதில் மதுரை லேபிலிருந்து டாக்டரே கொண்டுவந்த வேறொரு திரவம், கொஞ்சமாக. அதிலுள்ள சதையை ஒளிரவைத்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டு வியாதியையும் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டாவது பாட்டில்தான். இதில் ஃபார்மலின் பட்டுவிட்டால் சதை ஒளிராது. ஃபார்மலினைத் தொட்ட இடுக்கியால்கூட இதைத் தொடக் கூடாது. இதை டாக்டர் என்னிடமும் முதலாளி டாக்டரிடமும் சொன்னார். உதவிக்கு நிற்கும் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எடுத்த அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். ஊசி 'டக்'கென்று அடித்தபோது அந்தப் பெண் கத்தவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு இழை கிடைத்தது. ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். ரத்தத்தை வடிகட்டும் முடிச்சுகள் சிவப்புப் புள்ளிகளாக நன்றாகத் தெரிந்தன, போதும் என்றேன். பாட்டிலுக்கு ஒன்றாகப் போட்டேன். அதற்குள் கீழே யாருக்கோ அவசரமாக ரத்தம் எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தேன். மேஜையில் இரண்டு பாட்டிலும் கழுத்துவரை நிறைந்திருந்தன. நான் மூடியை இறுக்கிப் பிளாஸ்திரி சுற்றி, பெயர் எழுதி, ஐஸ் பையோடு தெர்மகோல் பெட்டியில் வைத்தேன்.

கழுத்துவரை நிறைந்திருந்ததைக் கண் பார்த்தது. மண்டையில் ஏறவில்லை.

டாக்டர் காரில் ஏறி மதுரைக்குப் போனார். பாட்டிலும் மதுரைக்குத்தான் போக வேண்டும். ஆனால் அது பஸ்ஸில்தான் போகும். சாம்பிளை நோயாளியோட ஆள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். யார் வைத்த வழக்கம், எதற்கு வைத்த வழக்கம் என்று நாங்கள் ஒருத்தரும் கேட்டதில்லை. காரில் பின் சீட்டு காலியாக இருந்தது. முதுகில் ஊசி குத்தி, இருபத்து நாலு மணி நேரம் புரளாமல் படுத்திருக்க வேண்டிய மகளைப் பக்கத்துக் கட்டில்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, அதுவரை மதுரையைப் பார்த்தே இராத ஒரு பெண்மணி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிய விலாசத்தோடு பஸ் ஏறினார்.

அன்று மதியம் அந்தப் பெண்ணின் சிறுநீர் காபி நிறத்தில் வந்தது. ஒவ்வொரு முறை போனதையும் கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஜன்னலோரம் வரிசையாக வைத்து நிறம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "யக்கா, அம்மா வந்துட்டாளா?" என்று அவள் மல்லாந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நாலாவது குடுவையில்தான் நிறம் தெளிந்தது. பொழுது சாய அம்மா வந்து சேர்ந்தார். "குடுத்துட்டேன் தாயி, பத்திரமாக் குடுத்துட்டேன்" என்றார்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் தபாலில் வந்தது. தபாலைப் பிரிப்பது என் வேலை. இரண்டே வரியில் தெளிவாக எழுதியிருந்தார்கள். இரண்டாவது பாட்டிலிலும் ஃபார்மலின் கலந்திருக்கிறது, ஒளிர வைக்கும் சோதனை செய்ய முடியவில்லை. முதல் பாட்டிலில் இருந்ததை வைத்து இரண்டு வியாதிகளில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நேராகத் தியேட்டர் சிஸ்டரிடம் போனேன்.

"ஆமா, நான்தான் ஊத்துனேன்" என்றார் அவர், எந்த ஒளிவுமறைவும் இல்லாமல். "ஒண்ணுல கொஞ்சூண்டு தண்ணிதான கெடந்துச்சு. நீங்கதான அங்கன எழுதி ஒட்டிருக்கிய?"

சுவரைக் காட்டினார். என் கையெழுத்து. சிவப்பு மையில், பெரிய எழுத்தில்: 'உடம்பிலிருந்து எடுத்த எதுவானாலும் ஃபார்மலினில் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். பாட்டில் கழுத்துவரை ஊற்றவும்.' முந்தின வருஷம் ஒரு கர்ப்பப்பை அரைகுறை ஃபார்மலினில் கிடந்து அழுகி நாறியபோது, கோபத்தில் நான் எழுதி ஒட்டியது. அந்த சிஸ்டர் மட்டும்தான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ரிப்போர்ட்டை முதலாளி டாக்டரிடம் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன். படித்தார், நாலாக மடித்தார், மேஜை டிராயரில் போட்டார். ரிப்போர்ட்டுக்காக மகளோடு வந்து காத்திருந்த அந்த அம்மாவை உள்ளே கூப்பிடச் சொன்னார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"ஏம்மா, பாட்டிலை எப்படிக் கொண்டு போனே? வெயில்ல வச்சியா? ஆட்டுனியா? அங்க போய்ச் சேரும்போதே கெட்டுப்போச்சாம். மறுபடியும் குத்தி எடுக்கணும்."

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. "மடியிலதான் சார் வச்சிருந்தேன்" என்றார். பிறகு குரல் இறங்கிப்போய், "சாத்தூர் தாண்டுன பெறகு ரெண்டு நிமிசம் கண்ணசந்துட்டேன். பொட்டி சாஞ்சிருக்கும்போல" என்றார்.

"அதான்" என்றார் டாக்டர்.

அதான்! ஒரே சொல்லில் கேஸை முடித்துவிட்டார். நான் அதே அறையில், இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. பாட்டிலைச் சுற்றிய பிளாஸ்திரியும் சுவரில் இருந்த சிவப்பு எழுத்தும் என்னுடையவை என்பது மீதி. அந்த அம்மா வெளியே போன பிறகுதான் எனக்கு வீரம் வந்தது.

"அவிய மேல தப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?"

"இப்ப யார் ஊத்துனா என்ன? மறுபடி எடுக்கத்தானே போறோம். வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரி பேர் என்னாகும்னு யோசிச்சியா?"

"அந்தம்மா பேர் என்னாகும் சார்?"

அவர் மணியை அடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்மாவும் மகளும் புதூர் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள். இனி அவர்கள் சிறுநீரக டாக்டர் வரும் அடுத்த சனிக்கிழமைதான் வர வேண்டும். அதுவரை ஒன்பது நாள். நானே பஸ் ஏறிப்போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. டாக்டரைத் திட்டும்போதெல்லாம் இதையும் சேர்த்துத் திட்டிக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கால் இன்னும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. இனி எதற்குக் குத்திக்கொண்டு, கடுமையான மருந்தையே ஆரம்பித்துவிடலாமே என்றார் முதலாளி டாக்டர். அவர் மகளாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா என்று தொண்டைவரை வந்தது. நல்லவேளை, மதுரை டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. தெரியாமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நான் அந்த அம்மாவைத் தனியாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி ஒட்டியது, சிஸ்டர் ஊற்றியது, நான் கவனிக்காமல் மூடியது, ரிப்போர்ட்டில் இருந்தது. "எங்க தப்புக்கா. ஒங்க மேல ஒண்ணுமே இல்ல" என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சுவரில் இருந்ததைக் கிழித்தேன். இந்த முறை இரண்டாவது பாட்டிலை என் கையிலிருந்து இறக்கவே இல்லை. யார் கூப்பிட்டும் கீழே போகவில்லை. அந்தப் பெண் மறுபடியும் குப்புறப் படுத்தாள், மறுபடியும் மூச்சை அடக்கினாள். முதல் தடவை கத்தாதவள் இந்தத் தடவை அழுதுவிட்டாள்.

எல்லாம் முடிந்து, பழக்க தோஷத்தில் பெட்டியை அம்மாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கிட்டக் குடுக்காதீங்க தாயி. ராசி கெட்ட கை."

"எக்கா, ஒங்க தப்பு இல்லன்னு இப்பத்தான சொன்னேன்?"

"சொன்னிய. எம்மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுதிய. பஸ்ஸுல கண்ணசந்தது நான்தான, எனக்குத் தெரியாதா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மதுரை டாக்டரின் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன்.

"சார், நீங்க மதுரைக்குத்தான போறீங்க?"

"ஆமா."

"இதுவும் அங்கதான் போகணும்."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பின் சீட்டில் கிடந்த பையை நகர்த்தி இடம் விட்டார். அவ்வளவுதான். வழக்கத்தை மாற்ற அவ்வளவு நேரம்தான் ஆனது. முதல் தடவையே இதை ஏன் நான் செய்யவில்லை, அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகையாக வந்தது.

ரிப்போர்ட் ஒரு வாரத்தில் வந்தது. கடுமையான மருந்து தேவையில்லாத வியாதி. மாத்திரைதான், ரொம்ப நாள் சாப்பிட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும். பிள்ளை பிறக்காதோ என்ற பயம் வேண்டாம் என்று டாக்டரே சொன்னார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எவ்வளவு நாளைக்கப்புறம் வந்த சிரிப்போ அது.

"பாத்தியளா தாயி" என்றார். "நான் தொடல. நல்லபடியா வந்துட்டு."