கண்ணாடிப் பெட்டிக்குள் அத்தை

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்கோடித் தியேட்டர் வாசலில், படத்தின் ஸ்டில்களைக் குத்திவைக்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. சென்சார் வெட்டிய காட்சிக்கும் அதில் ஸ்டில் இருக்கும். அதை எடுத்துவிட யாரும் மெனக்கெடுவதில்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம், அந்தப் பெட்டிக்குள் என் அத்தை வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. களமசேரியில் வாக்கப்பட்டவள். புருஷனின் அடி தாங்காமல் எங்களிடம் வந்திருந்தபோது, யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு தமிழ்ப்படம் எடுத்தார்கள். தெருவில் புருஷனிடம் அடிவாங்கும் பெண்ணாக நிற்க ஆள் தேவைப்பட்டது. வேடிக்கை பார்க்கப்போன அத்தையை நிறுத்திவிட்டார்கள். "வாய்க்கு வந்ததைச் சொல்லி அழும்மா" என்றார் டைரக்டர். "அண்ணா, என்னைத் திருப்பி அனுப்பாதே, கொன்னுடுவான்" என்று அழுதாள் அத்தை. கூடவே போயிருந்த அம்மா ஓடிவந்து அந்த வார்த்தைகளை அப்படியே அப்பாவிடம் சொன்னாள்.

"அது நடிப்பு. படம் வரட்டும், பார்க்கலாம்" என்றார் அப்பா.

அத்தைக்கு அதுவே போதுமாக இருந்தது. "நான் சொன்னா அண்ணா நம்பமாட்டான் மன்னி. சினிமாவிலே பார்த்தா நம்புவான்" என்று படத்துக்காகக் காத்திருந்தாள்.

குடும்பத்தோடு போனோம். அந்த இடம் வந்ததும் திரை ஒருமுறை வெட்டிக்கொண்டு அடுத்த பாட்டுக்குத் தாவியது. "அது சென்சார் முறிச்சதாணு. பெண்ணை அடிக்கிறது கண்டா ஆளுகள் கெட்டுப்போவுமாம்" என்றார் தியேட்டர் மேனேஜர் சேட்டன்.

"நான் அடிவாங்கறதைப் பார்த்தா ஊர் கெட்டுப்போயிடுமா?" என்று கேட்டாள் அத்தை. அப்பா வாசலைப் பார்த்து நடந்தார். அடுத்த வாரம் அவரே அவளைக் களமசேரியில் கொண்டுவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் அத்தையின் படம் செய்தித்தாளில் வந்தது. தரையில் கிடத்தியிருந்தார்கள், முகம் நன்றாகத் தெரிந்தது. சாயாக்கடை பெஞ்சில் சின்னப் பிள்ளைகள்கூட வாங்கிப் பார்த்தார்கள். அதை வெட்ட எந்தக் கத்திரியும் வரவில்லை.

எழுத்து வேறு, சினிமா வேறு, திரை நேரே நெஞ்சில் இறங்கிவிடும், அதனால் அதற்குக் கத்திரி கூடுதலாக வேண்டும் என்று இப்போதும் சொல்கிறார்கள். பொய்யில்லை. என் பேத்தியின் கண்ணை நானே பொத்தியிருக்கிறேன். ஆனால் அத்தையும் நம்பியது சினிமாவின் அந்தப் பலத்தைத்தானே?

மேனேஜர் சேட்டன் கொண்டுவந்து கொடுத்த அந்த ஸ்டில் இப்போது என்னிடம் இருக்கிறது. அப்பா கடைசிக் காலத்தில் அதைக் கையைவிட்டு இறக்கமாட்டார். அத்தையின் திறந்த வாயை விரலால் தடவித் தடவி, "இவ என்ன சொல்றா? இவ என்ன சொல்றா?" என்று அம்மாவைக் கேட்பார்.

அம்மா இரண்டாம் முறை சொல்லவே இல்லை.