பகலில் கட்டிய கொசுவலை

புஷ்பவள்ளிக்கு ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. செனாவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியதுமே துடைப்பத்தைத் தேடுகிற பிறவி. காலில் சக்கரமா கட்டியிருக்கு என்று லாரி ஓட்டும் கணவர் ஆறுமுகம் அலுத்துக்கொள்வார். தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஓட்டம் நின்றதில்லை.

இப்போது ஓட்டத்துக்குக் காரணம் வேறு. ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரே மகள் மாதவி வளைகாப்புக்கு வந்திருந்தாள். நம் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று ரெம்பாவ் சம்பந்தியிடம் அடம்பிடித்து வாங்கிய வளைகாப்பு. அவள் வந்த வாரமே பக்கத்து வீட்டு விமலாவுக்கு டிங்கி காய்ச்சல் என்று சிரம்பான் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கர்ப்பிணிக்கு அது வந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து.

புஷ்பவள்ளி விடுவாளா? பூச்சட்டித் தட்டிலிருந்து பழைய டயர் வரை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கவிழ்த்தாள். பொழுது சாய்ந்ததும் ஜன்னல்களை அறைந்து சாத்தி, கொசுவத்தி கொளுத்தி, மகளைப் புது வலைக்குள் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். விடிந்து வந்ததும் வலையைச் சுருட்டிக் கட்டி, ஜன்னல்களைக் காற்றுக்குத் திறந்து, கூடத்தில் விசிறிக்கடியில் படுத்துவிடுவாள். மாதவி பக்கத்திலேயே உட்கார்ந்து வளையல் பெட்டியைக் கிளறிக்கொண்டிருப்பாள். மகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று இவளுக்குப் பெருமை வேறு.

வளைகாப்புக்கு முந்தைய நாள் இவள் உடம்பே அனலாய்க் கொதித்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் விசேஷத்தை நிறுத்திவிடுவார்களே! பனடோல் மாத்திரையை விழுங்கிவிட்டு முறுக்கு சுட உட்கார்ந்தாள், பிடிவாதக்காரி.

அன்று பார்த்து சுகாதார இலாகாப் பெண் ஒருவர் சோதனைக்கு வந்தார். மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்தும் ஒரு கொசுப்புழு அகப்படவில்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று மலாய் மொழியில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். சுருட்டியிருந்த வலையைப் பார்த்துத்தான் அவர் நின்றார். இந்தக் கொசு பகலில் கடிப்பது, காலையிலும் மாலையிலும் அதற்குப் பசி அதிகம் என்றார். ஒருவர்மேலிருந்து விரட்டினால் அடுத்தவர்மேல் போய் உட்காருமாம். காய்ச்சல்காரரைக் கடித்த கொசு, சில நாள் போனபின் கடிக்கிறவருக்கெல்லாம் நோயைக் கொடுக்குமாம். அதனால் வலை முதலில் காய்ச்சல்காரருக்குத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட கடவுளே! அப்படியானால் கொசு வேலைக்கு வருகிற நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தது யார்? புஷ்பவள்ளி அடுப்படிக்கும் கூடத்துக்குமாக அலைந்தாள். மாதவியின் முழங்கையில் ஒரு சிவப்புத் தடிப்பு கண்ணில் பட்டது. எப்போது கடித்தது என்று கேட்டாள்.

"காலையில லா. நீ தூங்கிக்கிட்டு இருந்தம்மா. உன் மேலதான் உக்காந்திருந்துச்சு. வெரட்டினேன், என்னைக் கடிச்சிருச்சு."

முறுக்கு எண்ணெயிலேயே கருகியது. புஷ்பவள்ளி கிளினிக்குக்குப் போனாள். ரத்தத்தில் டிங்கிதான். திரும்பி வந்து, மாதவியை இப்போதே ரெம்பாவுக்குக் கூட்டிப் போகும்படியும் வளைகாப்பை அங்கேயே நடத்தும்படியும் ஆறுமுகத்திடம் சொன்னாள். இங்கேயே நாளைக் கடத்தினால் தன் ரத்தம் குடித்த கொசு மகளைத் தேடி வரும். வாதாட ஏது நேரம்? பிறகு வலையை அவிழ்த்துப் பட்டப்பகலில் தானே உள்ளே புகுந்தாள்.

மாலை வெயில் மங்கிக்கொண்டிருந்தது. கார் வாசலில் நின்றது. மாதவி வலையின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே நீட்டினாள்.

"மொத வளையல் நீ போடும்மா. அப்பதான் போவேன்."

பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை ஏற்றிவிட்டு, அந்தக் கையை வெளியே தள்ளி வலையைச் செருகினாள். அப்போதுதான் அவள் முகத்துக்கு நேரே, வலையின் வெளிப்புறம், வெள்ளை வரிக்கால் டிங்கிக் கொசு ஒன்று வந்து உட்கார்ந்தது. தான் அசைந்தால் அது எழும்பும். எழும்பினால் பக்கத்தில் நிற்பது மாதவி.

புஷ்பவள்ளி அசையவில்லை. ஏன் ஒன்றும் பேசமாட்டேன் என்கிறாய் என்று மகள் அழுதாள். உதடு பிரியாமல் சொன்னாள்: "போ. அப்பா காத்துக்கிட்டு இருக்காரு."

மாதவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கார் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை, சும்மா உட்காரத் தெரியாதவள் சிலையாக உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகுதான் கையை ஓங்கினாள்.