சுவரில் பட்டாணி உரித்த கைகள்

அந்தக் குரலை நான் தெரிந்தேதான் ஒலிக்கவிட்டேன். இயந்திரக் கோளாறு இல்லை. பழைய ஃபைல் தவறி வந்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொன்னது பொய்!

ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கல்யாண வீடியோக் கடையில் கம்ப்யூட்டர் எடிட்டிங் பழகினேன். பிறகு டில்லியின் தெருச்சுவர்களில் புரொஜெக்டர் வைத்து வீடியோ படங்களைப் பாய்ச்ச ஆரம்பித்தேன். அதற்குக் கலை என்று பெயர் வைத்தவர்கள் மற்றவர்கள். எனக்கோ எப்போதும் ஒரே நடுக்கம்... படிக்காதவன் என்று இவர்கள் கண்டுபிடித்துவிட்டால்?

மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீடு சாரதா அக்கா. கல்லூரியில் படிக்கும் நித்யா அவருடைய மகள். குளிர்கால மதியங்களில் புல்தரையில் வெயில் காய்ந்தபடி பெண்கள் பட்டாணி உரிப்பார்கள். அவர்களுடைய கைகளையும் பேச்சையும் பதிவு செய்து, கரோல் பாக்கில் ஒரு துணிக்கடையின் பக்கச் சுவரில் காட்டுவதாக ஏற்பாடு.

அன்று மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கேமரா ஓடுவதை மறந்துவிட்டு அக்கா சொன்னார்: "நித்யாவை நான் பெறலடா. ஆஸ்பத்திரியில யாரோ விட்டுட்டுப் போன குழந்தை. காலேஜ் முடியட்டும், நானே சொல்லணும்..."

அப்படியே கை நின்றது. ஒரு பட்டாணி உருண்டு புல்லில் விழுந்தது.

"அய்யோ, இதைப் போட்டுடாதடா!"

"சே, அழிச்சிடறேன்க்கா."

அழித்தேனா? இல்லை. அந்தக் கை நின்ற இடம் அவ்வளவு அழகாக இருந்தது! முகம் தெரியாது, கரோல் பாக்கில் தமிழை யார் நின்று கேட்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருந்தன என்பது எனக்குத் தெரியாதா என்ன?

திறப்பு நாள் மாலை. முட்டிவலியால் அக்கா வரவில்லை. என்னை வாழ்த்தச் சொல்லி, டப்பாவில் கேசரியும் கொடுத்து, மகளை அனுப்பியிருந்தார்!

"அரே, மம்மியோட கை! பையா, அந்த வளையலைப் பாருங்க!" தோழியின் தோளைத் தட்டிச் சிரித்தாள் நித்யா. அவளுக்கு நான் 'பையா', ஹிந்தியில் அண்ணன்.

அந்த வாக்கியம் வர இன்னும் நேரம் இருந்தது. ரிமோட் என் கையில்தான் இருந்தது. ஒரு பொத்தான்... ஒரே ஒரு பொத்தான்! ஆனால் என் பக்கத்தில் பெரிய மனிதர்கள் நின்றிருந்தார்கள், வெளிநாட்டு விருந்தினர்கள் நின்றிருந்தார்கள். படம் பாதியில் நின்றால் என்ன நினைப்பார்கள்? இவனுக்கு வேலை தெரியாது என்றல்லவா? அழுத்தவில்லை. அக்காவின் குரல் அந்த வாக்கியத்தைத் தெருவுக்கே சொன்னது.

நித்யாவுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. கேட்டால் புரியும். வீட்டு மொழி அல்லவா?

படம் திரும்ப முதலிலிருந்து ஓடியது. அவள் நகரவில்லை. மறுபடி அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்கிட்ட சொல்லல. உங்ககிட்ட சொன்னாங்களா, பையா?"

கேசரி டப்பாவை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பின்னால் யாரோ கைதட்டினார்கள்... நான் தலை வணங்கினேன். ஆமாம், வணங்கினேன்!

மறுநாள் அக்கா கேட்டார்: "அழிச்சிடறேன்னியேடா?"

"அழிச்சேன்க்கா. கம்ப்யூட்டர் பண்ணின தப்பு..." அழுதேன். பயத்தில் வந்த அழுகை அது. அக்கா அதை வருத்தம் என்று நம்பி என் முதுகைத் தடவிக்கொடுத்தார். நீங்களாக இருந்தால் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

நித்யா வீட்டை விட்டுப் போகவில்லை, சண்டை போடவும் இல்லை. சென்ற வாரம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூட என்னைக் கேக்கறாடா. 'எடுத்துக்கட்டுமா மம்மி'ன்னு... விருந்துக்கு வந்தவ மாதிரி."

பாழாய்ப்போன மெஷின், என்றேன் நான்.

"ஆமாண்டா, பாழாய்ப்போன மெஷின்," என்று அக்காவும் சேர்ந்து திட்டினார்.