அன்றைக்கு எனக்கு வந்தது சாமி இல்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொழிற்சாலையில் நான் சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டும்போது குறுக்கே வந்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான் ஒரு நாள் செரண்டா ரயில் நிலையத்தில், காரணமே இல்லாமல், பயத்தில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? மனைவியிடம் வாயுத் தொல்லை என்று சொல்லி வைத்தேன். அவளும் பாவம், முதுகு முழுக்கத் தைலம் தேய்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் அது அடிக்கடி வந்தது. முதலில் நெஞ்சு படபடக்கும். பிறகு எவ்வளவு மூச்சு இழுத்தாலும் போதாது. உதடு மரத்துப்போகும். விரல்கள் சில்லிட்டு, தாமாகவே உள்ளே மடங்கிக்கொள்ளும். இதோ செத்தேன் என்று தோன்றும். ஆஸ்பத்திரிக்கு ஓடினால், இதயத்தை எல்லா விதமாகவும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். கடைசியில் கிளினிக்கில் ஒரு டாக்டரம்மாதான் உட்காரவைத்துப் பேசினார். இது பதற்றத்தால் வருவது, நடிப்பில்லை, உடம்பு நிஜமாகவே ஆடும், மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே இருங்கள், தானாக அடங்கும் என்றார். வெளியே வந்து அழுதேன். என்னவென்று தெரிந்ததே எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனாலும் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் கோல சிலாங்கூர் பக்கம் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. மனைவிக்கு வேலை, நான் மட்டும் போனேன். தகரக் கூரைக்கடியில் நெருக்கியடிக்கும் கூட்டம், காதுக்குப் பக்கத்தில் உருமி மேளம், காலையிலிருந்து பட்டினி. பால்குடங்கள் உள்ளே வந்த நேரம் பார்த்து எனக்கு அது வந்துவிட்டது. வெளியே போக வழியில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது, மூச்சு வாங்கியது, கண்ணில் நீர் வழிந்தது.

கூட்டம் விலகியது. அப்பாடா, வழிவிடுகிறார்கள் என்று நினைத்தேன். கும்பிடுவதற்காக விலகியிருக்கிறார்கள். பூசாரி என் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். உருமிக்காரர்கள் இன்னும் நெருங்கி வந்து அடித்தார்கள். எந்த ஆத்தா வந்திருக்கிறாள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இவ்வளவு பெரிய மீசை வைத்தவனை ஆத்தா என்கிறார்களே என்று அந்த நிலையிலும் எரிச்சலாக இருந்தது. சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

அப்போது ஓர் அம்மா என் காலில் விழுந்தார். இன்னமும் தோட்டத்து லயத்து வீட்டில் குடியிருப்பவர், முகம் மட்டும் தெரியும். பக்கத்தில் ஐந்தாம் படிவம் படிக்கிற பதினேழு வயது மகள். மகளுக்கு நெஞ்சு அடைக்கிறதாம், கை மடங்கிக்கொள்கிறதாம், இதயம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களாம். மட்டம் போட நடிக்கிறாள் என்று முதலில் அடித்தாராம். இப்போது பரீட்சை நேரத்தில் பள்ளிக்கே போகாமல் கிடக்கிறாளாம். காத்து கருப்புதான் அடித்திருக்க வேண்டும், பேயோட்டுகிற ஆளிடம் கூட்டிப்போகிறேன், ஆத்தா உத்தரவு தரவேண்டும் என்று அழுதார்.

அந்தப் பெண் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அங்கிள், உதடு மரத்துப் போச்சா?”

தலையை ஆட்டினேன்.

“இப்ப விட்டுடும் அங்கிள். எனக்கும் இப்படித்தான் வரும்.”

அத்தனை பேர் கும்பிட்டார்கள். அந்தச் சின்னப் பிள்ளை ஒருத்திதான் எனக்கு ஆறுதல் சொன்னாள். பெற்ற மகள் போல இருந்தது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். கற்பூரம் காட்டி, சாமி மலையேறிவிட்டது என்று முடித்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால் தோட்டம் முழுக்கச் சிரிக்கும், செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆனால் அந்தப் பேயோட்டுகிற ஆள் இவளைப் பிரம்பால் அடிப்பான், முகத்தில் மிளகாய்ப் புகை போடுவான் என்று நினைத்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையை உயர்த்தினேன். ஆத்தா உத்தரவு என்று மேளத்தை நிறுத்திவிட்டார்கள். மூச்சு வாங்க, விட்டுவிட்டுச் சொன்னேன்.

“எனக்குச் சாமி வரலம்மா. உங்க மகளுக்கு வர்றதுதான் எனக்கும் வருது. டாக்டர் பார்த்துச் சொல்லிட்டாங்க. பதட்டத்துல உடம்பு இப்படி ஆடும், அவ்ளோதான்லா. பேய் கீய் ஒன்னும் கிடையாது.”

பூசாரியின் முகம் சுருங்கிவிட்டது. ஆம்பளைக்கு என்ன பயம் என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். சுருக்கென்றது. திருப்பி ஏசத்தான் மூச்சு போதவில்லை.

யாரோ கைத்தாங்கலாகக் கொண்டுபோய் வெளியே படியில் உட்காரவைத்தார்கள். அந்தப் பெண்ணும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா சொன்னபடி மூச்சை மெதுவாக விட்டேன். யாரும் சொல்லாமலே அவளும் என்னோடு சேர்ந்து விட்டாள். அவளுடைய அம்மா மட்டும் நம்பாமல் நின்றுகொண்டிருந்தார்.

“அம்மா, அங்கிள் கையத் தொட்டுப் பாரு,” என்றாள் மகள். “நான் நடிக்கல.”

அந்த அம்மா குனிந்து என் கையைப் பிடித்தார். மடங்கிய விரல்களைப் பிரித்துப் பார்த்தார், பிரியவில்லை. சில்லிட்ட கையைத் தம் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

“இப்படி வர்றப்பல்லாம் தனியாவா கிடந்த? என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?”

“கூப்பிட்டா ஏசுவியேம்மா.”

அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து மகளை மடியில் சாய்த்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் போன கிளினிக் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.